காலருக்குள் விட்ட குண்டூசி

என் வாலுப் பெண்ணுக்கு,

நானும் அப்பாவும் சுகம். வழக்கமாகச் சும்மா எழுதுகிற சுகம் இல்லை, இந்தத் தடவை நிஜமாகவே சுகம். புற்றுக்கட்டிக்கான மருந்து ஏற்றி முடித்து ஏழு மாதமாகிறது, இனி ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்தால் போதும் என்று போன வாரம் டாக்டரம்மா சொன்னதை உனக்குப் போனிலேயே சொல்லியாயிற்று. சொல்லாமல் மறைத்தது ஒன்று உண்டு. போனில் சொன்னால் நடுவிலேயே பாய்வாய், கடிதம் என்றால் கடைசி வரை படித்துவிட்டுத்தான் திட்ட முடியும், அதனால் எழுதுகிறேன்.

மருந்து ஏறிய நாட்களில் விரல் மரத்துப்போகிறதா என்று வாரா வாரம் கேட்பாய், இல்லவே இல்லை என்பேன். பொய். மூன்றாவது தடவையிலிருந்தே விரல் நுனி என்னுடையது மாதிரியே இல்லை. சொன்னால் மருந்தைக் குறைப்பார்கள், குறைத்தால் நோய் திரும்பிவிடும் என்ற பயம். எல்லாம் முடிந்ததும் சும்மா இருக்க முடியாமல் பேக்கரிக்காரருக்கு ஒரு வெள்ளைச் சட்டை தைத்தேன். முடித்ததும் நான் கண்ணால் பார்ப்பதில்லை, கட்டைவிரலால் தையலைத் தடவிக்கொண்டே போவேன், உனக்குத்தான் தெரியுமே. அன்றும் தடவினேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. மறுநாள் மனுஷன் கழுத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு வந்து நிற்கிறார். காலருக்குள் குண்டூசி. முப்பது வருடத்தில் முதல் தடவை. அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மெஷினைப் போர்த்தி மூடினேன். அப்பா அதன் மேல் துவைத்த துணியை அடுக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் ஆராய்ச்சிக்கூடத்தில் நீ என்னதான் செய்கிறாய் என்று கேட்டேன். நரம்புச் செல்லுக்குள் எலும்புக்கூடு மாதிரி மெல்லிய குழாய்கள் இருக்கின்றன, அவற்றை நீட்டச் சில புரதங்கள், பிரிக்கச் சில, பிரியாமல் பிடித்துக்கொள்ளச் சில, இந்தக் கட்டுவதும் பிரிப்பதும் ஓயாமல் நடக்க வேண்டும், அந்தப் பாதையில்தான் விரல் நுனி வரை சரக்கு போகிறது என்றாய். எனக்கு ஏற்றிய மருந்து பிரிக்கிற வேலையை முடக்கிவிடுமாம், கெட்ட செல் பெருகாது, ஆனால் நீளமான நரம்பும் சேர்ந்து மாட்டிக்கொள்ளுமாம். எனக்கு நன்றாகவே புரிந்தது. குண்டூசி துணியைப் பிடித்திருப்பது தைக்கிற வரைக்கும்தான், எடுக்க விடவில்லை என்றால் துணி பாழ். பலருக்கு மெல்லச் சரியாகும், சிலருக்கு முழுசாகத் திரும்பாது என்று சொல்லிவிட்டு, ஏம்மா கேக்குறே என்றாய். சும்மாதான் என்றேன். அந்தச் சிலரில் நானும் ஒருத்தியோ என்று எத்தனை நாள் தவித்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

போன மாதம் பாத்திரம் கழுவும்போது தண்ணீர் சுட்டது. வெடுக்கென்று கையை இழுத்த பிறகுதான் உறைத்தது, சுடுவது தெரிகிறதே என்று. அப்பாவிடம் ஒரு குண்டூசியைக் கொடுத்துக் குத்திப் பார்க்கச் சொன்னேன். பத்து விரலில் எட்டில் ஐயோ என்றேன். சுண்டுவிரல் இரண்டும் இன்னும் தூங்குகின்றன, தூங்கட்டும், அதுகளுக்குத் தையலில் பெரிய வேலை ஒன்றும் இல்லை. வலிச்சது உனக்கு, அழுறது நானா என்று அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். மெஷின் மேலிருந்த துணிகளையும் அவரேதான் எடுத்துவைத்தார். டாக்டரம்மாவிடம் போன வாரம் உண்மையைச் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன், அப்போதே சொல்லியிருந்தால் அளவை மாற்றிப் பார்த்திருக்கலாமாம். இனி உன்னிடம் மறைக்க மாட்டேன், நீயும் என்னிடம் எதையும் மறைக்காதே.

நீ எடுத்த வேலை நல்லபடியாக முடியட்டும், நன்றாக இருப்பாய். வேளைக்குச் சாப்பிடு, அந்தக் கூடத்திலேயே குடியிருக்காதே. இதோடு ஒரு சட்டை அனுப்பியிருக்கிறேன். காலரைப் பற்றிக் கவலைப்படாமல் போட்டுக்கொள், கட்டைவிரலால் இரண்டு தடவை தடவிப் பார்த்துவிட்டேன்.

திட்டு வாங்கத் தயாராக,
உன் அம்மா