மிர்சா வீரரின் வம்சம்

பிப்ரவரி 6, திங்கள்

பெரியப்பா இன்று மறுபடியும் வம்சப் பெருமை பேச ஆரம்பித்துவிட்டார். செத்துப்போன என் அண்ணன் பக்தியாரின் மகள் தொல்கினுக்குக் கல்யாணம் பேசவேண்டும், பெரியவர் என்று ஒருவர் வேண்டுமே என்று கூப்பிட்டு உட்காரவைத்தேன். பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. ஜார் படையை எதிர்த்துக் குதிரையேறிய மிர்சா வீரர், அவருடைய கொள்ளுப்பேரனாகிய ஒரின்பசார், அதாவது பெரியப்பாவே, மே மாதம் திறக்கப்போகும் நினைவு மண்டபம், அதன் பச்சைக் கூரை - இதே பாட்டு. வம்சத்துக்கென்று இணையத்தில் ஒரு தளம் வேறு நடத்துகிறார். அதில் பெரிய மரம் போட்டு, ஒவ்வொரு கிளையிலும் எங்கள் முகங்களைத் தொங்கவிட்டிருக்கிறார்.

"கம்ஷாத், உன் போட்டோவில சிரிப்பே இல்லையே, வேற அனுப்பு" என்றார். பால் பண்ணைப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்கப் புளித்த பாலை முகர்ந்து பார்க்கிறவளுக்கு முகம் எப்படி இருக்கும்.

பிப்ரவரி 11, சனி

எல்லாம் நாசமாகப் போயிற்று.

தொல்கினைப் பெண் கேட்டு மதியார் வந்தான். நல்ல பையன், பல் வைத்தியம் படித்தவன், உட்காரும்போது காலணியை ஒழுங்காக ஓரம் வைத்தான். குதிரைக்கறி வைத்தேன். பெரியப்பா வழக்கப்படி கேட்டார்: "ஏழு அப்பன் பேரைச் சொல்லு தம்பி, கேப்போம்." இரு வீட்டாரும் ஒரே குலம் என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் கிளை வேறு, பிரிந்து பத்துப் பன்னிரண்டு தலைமுறை ஆயிற்று. ஏழு தலைமுறைக்குள் ஒரே முன்னோர் வந்தால் கல்யாணம் கூடாது, அதைத் தாண்டிவிட்டால் தடையில்லை. அந்த தைரியத்தில்தான் நாங்கள் எல்லாரும் இருந்தோம். பையன் பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னான். ஐந்தாவது பெயர் மிர்சா.

"எந்த மிர்சா?"

"ஜாரை எதிர்த்து எழுந்தவர், பெரியவரே. எங்க ஊர்ல அவரைப் பத்திப் பாட்டே இருக்கு."

பெரியப்பா முதலில் எழுந்து அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பிறகு உட்கார்ந்து, தேநீரை ஒரு மடக்கு குடித்துவிட்டு, "அப்போ நீ இவளுக்கு அண்ணன் முறை. கல்யாணம் கிடையாது" என்றார். சொல்லிவிட்டு இன்னொரு துண்டு கறி எடுத்தார்.

பிப்ரவரி 13, திங்கள்

தொல்கின் சாப்பிடவில்லை. அழவும் இல்லை. மதியாரின் அம்மா சபுரா தொலைபேசியில் பேசினாள். கெட்டவள் இல்லை, பயந்தவள். "ரத்தம் கலந்தா பிள்ளை ஊனமாப் பிறக்கும், எங்க தெருவிலேயே பார்த்திருக்கேன். என்னை மன்னிச்சிருங்க" என்றாள்.

பெரியப்பாவின் அப்பா ஒமர் தாத்தா, பஞ்ச காலத்தில் அநாதை விடுதியில் வளர்ந்தவர். தன் அப்பா ஜுசிப், ஏசென் என்பவரின் தம்பி மகன் என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. அப்படியிருக்க, ஜுசிப்புக்கு அப்பா மிர்சா என்று பெரியப்பா எங்கே பிடித்தார்? கேட்டேன். "குடிக்கணக்குல இருக்கு. ஜார் காலத்து ஆபீசர் கைப்பட எழுதினது. போய்ப் பாரு."

பார்க்கத்தான் போகிறேன்.

பிப்ரவரி 19, ஞாயிறு

ஆவணக் காப்பகம் பழைய குடிக்கணக்குகளைப் படம் பிடித்து இணையத்தில் போட்டிருக்கிறது. ஊர் ஊராக, வீடு வீடாக. அதற்குப் போகும் வழியெல்லாம் சாக்கடை. பக்கத்துக்குப் பக்கம் விளம்பரம்: உங்களைக் கான் அரச வம்சத்தில் சேர்த்துத் தருகிறோம், முத்திரையோடு சான்றிதழ் உண்டு. வம்சம் தேடுகிறவர்கள் கூடும் அரட்டைப் பக்கத்தில் ஒருத்தன் கெஞ்சுகிறான்: "என் பரம்பரையில் ஒரு தளபதியாவது இருப்பாரா, தயவுசெய்து பாருங்கள்." ஆடு மேய்த்தவனுக்குப் பிறந்தவர்கள் யாருமே இந்த நாட்டில் இல்லை போலிருக்கிறது. அப்புறம் அத்தனை ஆட்டை யார் மேய்த்தது? தூ.

ஏசென் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டேன். கோணல் எழுத்து. வீட்டுத் தலைவன் ஏசென். தம்பி, மிர்சா, இருபது வயது. பெரியப்பா பொய் சொல்லவில்லை.

பிப்ரவரி 20, திங்கள்

மிர்சா. மிர்சா. பக்கத்து வீட்டிலும் ஒரு மிர்சா இருக்கிறான். அதற்கடுத்த வீட்டிலும். ஒரே ஊரில் இத்தனை மிர்சாவா?

மார்ச் 4, சனி

இவ்வளவு நாள் கண் எதிரே இருந்திருக்கிறது, மூளைக்குத்தான் எட்டவில்லை.

தொல்கினின் அம்மா, என் அண்ணி குல்பாஷ், ஊரிலிருந்து கூப்பிட்டாள். எடுத்தவுடன் கேட்டாள்: "பெரிய மிர்சா மனசு மாறினாரா?" அவள் கேட்பது ஒரின்பசார் பெரியப்பாவை. மருமகளாக வந்த நாளிலிருந்து அவர் பெயர் அவள் வாயில் வந்ததில்லை. புருஷன் வீட்டு ஆண்கள் பெயரை மருமகள் சொல்லக்கூடாது, மரியாதையாக வேறு பெயர் வைத்துக் கூப்பிடவேண்டும். 'மிர்சா' என்பது 'ஐயா' மாதிரி ஒரு மரியாதைச் சொல்: பெரியவர் என்றால் பெரிய மிர்சா, கொழுந்தன் என்றால் சும்மா மிர்சா.

போனை வைத்துவிட்டு ஓடிப்போய் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். கணக்கெடுத்தது கோடையில். ஆண்களில் பெரும்பாலானோர் மந்தையோடு மேய்ச்சலுக்குப் போயிருக்கிறார்கள். ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறது: விவரம் சொன்னது மருமகள். மிர்சா இருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் அதே குறிப்பு. ஆண்கள் ஊரில் இருந்த வீடுகளில் ஒரு மிர்சாகூட இல்லை. வீட்டுத் தலைவன் பெயரை ஊர்ப் பெரியவன் சொல்லியிருப்பான். மற்றவர்களுக்கு, குதிரை மேல் உட்கார்ந்துகொண்டு ஒரு ருஷ்யன் அதட்டிக் கேட்க, பாவம் அந்தப் பெண், கூடாரத்து வாசலில் நின்று, உயிரே போனாலும் கொழுந்தன் பெயரைச் சொல்லாமல் 'மிர்சா' என்றிருக்கிறாள். அவன் அதை எழுதிக்கொண்டு போய்விட்டான். அவள் பெயரை அவன் கேட்கவே இல்லை. 'மருமகள், 19' என்று மட்டும் இருக்கிறது.

அந்தக் கொழுந்தனுக்குத்தான் இப்போது பச்சைக் கூரை போட்டு மண்டபம்.

மார்ச் 11, சனி

கிடைத்துவிட்டது. சில வருஷம் கழித்து இன்னொரு கணக்கு எடுத்திருக்கிறார்கள், குளிர்காலத்தில், ஆண்கள் வீட்டில் இருக்கும்போது. அதே வீடு, அதே ஏசென். தம்பி - குஷிக்பாய், இருபத்தேழு. தம்பியின் மகன் ஜுசிப், மூன்று.

குஷிக் என்றால் நாய்க்குட்டி. முன்னே பிறந்ததெல்லாம் செத்திருக்கும், இதுவாவது தங்கட்டும் என்று சாவுக்கே அருவருப்பு வருகிற மாதிரி பெயர் வைத்திருக்கிறார்கள். தங்கியிருக்கிறது. அதனால்தான் நான் இருக்கிறேன்.

மதியாரின் மிர்சா நிஜமான மிர்சா, வேறு ஊர், வேறு கிளை. எங்களுடையவர் குஷிக்பாய். இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் இருந்த ஒரே பாலம் போயிற்று. கல்யாணத்துக்குத் தடையே இல்லை. தொல்கினை எழுப்பிச் சொன்னேன். பிள்ளை என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை.

மார்ச் 23, வியாழன்

நவ்ரூஸ் புத்தாண்டுக் கஞ்சி குடிக்கப் பெரியப்பா வீட்டுக்குப் போய், இரண்டு பக்கங்களையும் காட்டினேன். கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். புரிந்துவிட்டது. மனிதர் முட்டாள் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பு.

"இதை வேற யார்கிட்ட காட்டினே?"

"தொல்கின்கிட்ட."

"நாய்க்குட்டிக்கு மண்டபம் கட்டினோம்னு ஊர் சிரிக்கணுமா? மாவட்டத் தலைவர் வராரு, தெரியுமா உனக்கு?"

"பிள்ளையோட கல்யாணம் நின்னு போச்சே, அது தெரியுமா உங்களுக்கு?"

மீசையை நீவிக்கொண்டார். பிறகு என் தட்டில் தன் கையால் கறி எடுத்து வைத்தார். "கல்யாணம்தானே வேணும்? நடக்கட்டும். மிர்சா நம்மவராவே இருக்கட்டும். பையன் பக்கத்துல நடுவுல நாலு பேரைச் சேத்துடறேன். ஏழு தலைமுறையைத் தாண்டிடும். ரெண்டு நிமிஷ வேலை."

ரெண்டு நிமிஷ வேலையாம். போன மாசம் இதே வாய்தானே ரத்தம், பாவம், முன்னோர் சாபம்னு அந்தப் பையனை வாசல்ல தள்ளுச்சு. பிள்ளை ஒரு மாசமா சோறு தின்னல. ரெண்டு நிமிஷம். சீ.

கறியைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 24

தொல்கின் சொல்கிறாள்: "விடு அத்தை. நிஜமும் அதே பதில்தானே சொல்லுது. அவரு எந்த வழியில சொன்னா என்ன, எனக்குக் கல்யாணம் நடந்தாப் போதும்."

வாயை மூடிக்கொண்டேன். என் வாய் எனக்கே நாறுகிறது.

ஏப்ரல் 9, ஞாயிறு

சபுரா நேரில் வந்தாள். சால்வையைக்கூடக் கழற்றவில்லை. பெரியப்பா அனுப்பிய புது மரத்தைத் தொலைபேசியில் திறந்து என் முன்னால் வைத்தாள்.

"சம்பந்தி, என் புருஷன் வீட்டு ஆம்பளைங்க பேரை முப்பது வருஷமா நான் வாயால சொன்னதில்ல. அதனாலேயே ஒவ்வொரு பேரும் எனக்கு அத்துப்படி. தெரிஞ்சாத்தானே தவிர்க்க முடியும்? இந்த நாலு பேரை நான் தவிர்த்ததே இல்லையே. யார் இவங்க?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மிர்சா, மருமகள், குஷிக்பாய், நாலு புதுப் பிணங்கள். பக்கங்களைக் காட்டினேன். கடைசிவரை கேட்டாள். நான் உள்ளதைத்தான் சொல்கிறேன், ஆனால் என் காதுக்கே அது அடுத்த பொய் மாதிரி இருந்தது.

"போன வாரம் அது நிஜம்னு அனுப்பினீங்க. இன்னைக்கு இது நிஜம்ங்கிறீங்க. நான் எதை நம்பி என் பிள்ளையைக் கொடுக்க?" என்றாள். கோபமே இல்லை அவள் குரலில். வாசல்வரை போய்த் திரும்பினாள். "இது நிஜம்னா உங்க ஆளுங்க நடுவுல எழுந்து சொல்லுங்க. மண்டபம் திறக்கிற அன்னைக்கு நானும் வருவேன். பொய்க்காக யாரும் தன் பேரைத் தானே கெடுத்துக்க மாட்டாங்க."

ஏப்ரல் 10

தொல்கினிடம் சொன்னேன். "அத்தை, நீ சொல்லுவியா?" என்று கேட்டாள்.

பயமாக இருக்கிறது. யாருக்குப் பயப்படுகிறேன்? அந்த மீசைக்கா?

மே 27, சனி

மறந்துபோவதற்குள் எழுதிவிடுகிறேன்.

வெட்டவெளியில் வரிசையாகக் கூடாரங்கள், குதிரைப் பந்தயம், புழுதி. பெண்களாகிய எங்களுக்குத் தேநீர் ஊற்றுகிற வேலை. மாவட்டத் தலைவருக்கு மரியாதைக்காக ஆட்டுத் தலையை வைத்துக் கொடுத்தார்கள். பெரியப்பா ஒலிபெருக்கியில் மிர்சாவின் வீரத்தைச் சொல்லச் சொல்ல, கூட்டம் நெஞ்சில் கைவைத்துத் தலையாட்டியது. பலருக்கு விஷயம் தெரியும். அண்ணி மூலம் குசுகுசுவென்று பரவிவிட்டது. தெரிந்தவர்கள்தான் அதிகமாகத் தலையாட்டினார்கள். சபுரா கடைசி வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேநீர்க் கெண்டியைக் கீழே வைத்தேன். போய் மைக்கைக் கேட்டு வாங்கினேன். வாழ்த்துச் சொல்லப்போகிறேன் என்று நினைத்துக் கொடுத்துவிட்டார்கள்.

"தொல்கினோட அப்பா பக்தியார். அவனோட அப்பா செரிக். அவரோட அப்பா ஒமர். அவரோட அப்பா ஜுசிப். அவரோட அப்பா குஷிக்பாய். மிர்சா இல்ல, குஷிக்பாய். அவர் யாரையும் எதிர்க்கல. ஆடு மேய்ச்சார். அவருக்கு மேல எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்ல மாட்டேன். மிர்சா வீரரோட பேரப்பிள்ளைங்க வேற ஊர்ல இருக்காங்க, அவங்க நமக்கு ரத்தம் இல்ல."

யாரோ ஒலிபெருக்கியை அணைத்தார்கள். அணைத்த பிறகும் கொஞ்சம் பேசினேன், என்ன பேசினேன் என்று நினைவில்லை. பெரியப்பா என் பக்கம் திரும்பவில்லை. மாவட்டத் தலைவரிடம், "புருஷன் இல்லாதவ, மனசு சரியில்ல" என்றார். அவர் கனிவாகத் தலையாட்டினார். தூ, அந்தக் கனிவு.

வண்டிக்கு நடந்துபோகும்போது சபுரா பின்னால் வந்து என் கையைப் பிடித்தாள். விடவே இல்லை.

ஜூன் 2

சித்தப்பா மகன்கள் யாரும் போனை எடுப்பதில்லை. மண்டபத்தில் மிர்சா பெயர் அப்படியேதான் இருக்கிறதாம். பூ வைத்துவிட்டுப் போகிறார்களாம்.

ஆகஸ்ட் 19, சனி

கல்யாணம் முடிந்தது. மதியார் பக்கம் மண்டபம் கொள்ளாத கூட்டம். எங்கள் பக்கம் ஒரே ஒரு மேஜை: நான், அண்ணி, பால் பண்ணைக்காரர்கள். சபுரா ஒவ்வொரு தட்டையும் முதலில் எங்கள் மேஜைக்கே அனுப்பினாள். அண்ணி அழுதுகொண்டே தின்றாள்.

மணப்பெண்ணின் முக்காடு எடுக்கும் சடங்குக்குப் பிறகு தொல்கின் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தொலைபேசியை நீட்டினாள். பெரியப்பாவின் தளம். மரத்தில் எங்கள் கிளையை வெட்டிவிட்டிருக்கிறார். என் படம் இல்லை, அவள் படம் இல்லை. பக்தியார் பெயருக்குக் கீழே 'சந்ததி இல்லை' என்று போட்டிருக்கிறது. என் அண்ணனுக்கு, அவன் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை எதிரே உயிரோடு உட்கார்ந்திருக்க, சந்ததி இல்லை. நல்ல நாளில் வாயில் கெட்ட வார்த்தை வரக்கூடாதென்று பல்லைக் கடித்தேன்.

தொல்கின் சிரித்தாள். மதியாரைக் கையாட்டிக் கூப்பிட்டு அவனிடமும் காட்டினாள்.

"பாரு, நான் பிறக்கவே இல்லையாம். இனிமே நீ எனக்கு அண்ணன்னு எவன் சொல்ல முடியும்?"