பச்சைப் புள்ளிக்குப் பயப்படாதே

அன்பு ஷம்சியாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உன் இடுப்புவலி தேவலையா? இங்கே மலேசியாவில், பீடோங்கில் நான் சுகம்.

வீடியோ காலில் திரை மூலையில் பச்சைப் புள்ளி தெரிந்ததும், "யாரோ பாக்குறாங்க" என்று கேமராவைப் பொத்திக்கொள்கிறாய். எத்தனை முறை சொல்வது? கேமரா ஓடினால் புள்ளி எரியத்தான் செய்யும். பார்ப்பவன் நான்தான்! வாயால் சொன்னால் நீ கேட்பதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று என் போன் சும்மா கிடக்கும்போதே புள்ளி எரிந்தது. என்னோடு கடையில் பரோட்டா போடும் ஹாசிக், "மைக் ஓடுதுலா, அண்ணே" என்றான். திரையை மேலிருந்து இழுத்துப் புள்ளியைத் தொட்டோம். டார்ச்சுக்காக இறக்கிய ஆப் ஒன்று ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தது. உடனே அழித்துவிட்டேன், கவலைப்படாதே. போன் சும்மா கிடக்கும்போது எரிந்தால் மட்டும் பயப்படு.

வெள்ளிக்கிழமை கூப்பிடுவேன். நம் குட்டி அனீசாவுக்கு முன்பல் விழுந்துவிட்டதாமே? புதுப்பல் முளைப்பதற்குள் அந்தச் சிரிப்பை ஒருதரம் காட்டு. முதலாளி கூப்பிடுகிறார்.

உன்
காஜா மைதீன்