வீட்டுக்குள் ஒரு குழி

ஆடி 4, செவ்வாய்
விடிந்ததிலிருந்து தூறல். கஞ்சி போட்ட பாவு நூல் காயவில்லை. இருந்தும் குழியில் இறங்கினேன். தறிக்கு உட்காருவதைக் குடியாத்தத்தில் அப்படித்தான் சொல்வோம். இங்கே குடிவந்தும் வாய் இன்னும் மாறவில்லை. மத்தியானம் தங்கச் சுரங்கத்தில் வெடி. தறி குலுங்கி மூன்று இழை போச்சு.

சந்தைக்கு நாலு சேலை. நாலும் திரும்பி வந்தன. ஒருத்தி தடவித் தடவிப் பார்த்தாள். “நல்லாத்தான் கீது அண்ணே. மில்லு சீலை பாதி வெலைக்குக் கெடைக்குதே.” அவளைக் குறை சொல்ல முடியவில்லை. எனக்குத்தான் எரிச்சல்.

வள்ளி சோறு போடும்போது: “வேற வேலைன்னா மேல் வேலைக்குப் போ. கீழ மட்டும் எறங்காதே. என் தம்பி சுரங்கத்துல போனது போதும்.”
சத்தியம் செய்து கொடுத்தேன்.

ஆடி 6, வியாழன்
வெயில். கம்பெனி வாட்ச்மேன் வீடு வீடாகச் சோதனை. தறியைத் தள்ளிவிட்டுக் குழிக்குள் தடியால் குத்திப் பார்த்தான்.
“யோவ், வூட்டுக்குள்ள இன்னாத்துக்குக் குழி?”
“கால் வைக்கத்தாங்க. மிதி கீழே இருக்கு.”
“இங்க கம்பெனியைத் தவிர எவனும் தோண்டக் கூடாது. நாளைக்குள்ள மூடு.”
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை நாளில் அதில் அகப்பட்டவை: தேள் ஒன்று, வள்ளியின் மூக்குத்தித் திருகு. அதுவும் பித்தளை.

ஆடி 7, வெள்ளி
தறியிலிருந்த பாவு நூலை அறுத்தேன். தோண்டிய மண்ணில்தான் அடுப்பு போட்டிருந்தோம். அதை இடித்துத்தான் குழி நிரம்பியது. வள்ளி மிதித்துச் சமப்படுத்தினாள். சோறு இல்லை, பொரி.

ஆடி 8, சனி
மேல் வேலை கேட்டு ஆபீஸ் வாசலில் நின்றேன். ரைட்டர் தலை நிமிரவில்லை.
“மின்னாடி இன்னா வேலை?”
“சின்ன வயசுலேர்ந்து குழியிலதாங்க.”
“அப்படிச் சொல்லு!” சந்தோஷமாக எழுதினார். நம்பர் போட்ட வேலை வில்லை கொடுத்தார்.
வெளியே ஒருத்தர் வில்லையைப் பார்த்து, “அண்டர்கிரவுண்டு. பழகினவனுக்குத்தான் ஒடனே கெடைக்கும்” என்றார்.
திரும்பி ஓடினேன். தறிக்குழி ஐயா, தறிக்குழி என்று கத்தினேன். எழுதினது எழுதினதுதானாம். இஷ்டமில்லை என்றால் கம்பெனி வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்.

திங்கள் காலை ஷிப்ட்.

குழி இருந்த இடத்தில் வள்ளி புது அடுப்பு போட்டுக்கொண்டிருந்தாள். கையெல்லாம் மண்.
“மேல் வேலைதானே?”
“ஆமா” என்றேன்.