எண்பது அணுக்களும் மூன்று பேரும்

அன்புள்ள என்னவருக்கு,

இங்கே நான் நலம். உங்கள் இருமல் நின்றதா? நம் மகளின் ஆடிய பல் விழுந்துவிட்டதா? அம்மா வரும்வரை விழக் கூடாது என்று அதனிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

ஆய்வுக்கூடத்தில் போன வாரம் எனக்கு ராஜமரியாதை. எண்பது அணுக்கள் கொண்ட சின்னத் திரள்களைச் சூடாக்கி உடைத்து, மிஞ்சுவதில் பெரிய துண்டை அளப்பதுதானே என் பிழைப்பு? பானைத் தண்ணீர் இந்தச் சூட்டில் கொதிக்கும் என்று கோடு போட்டுச் சொல்லலாம். இந்தப் பொடிசுகளுக்கு அந்தக் கோடு கிடையாது. ஒரே சூட்டில் ஒன்று முழுசாக நிற்கும், அடுத்தது தூள்தூளாகும். அது நிஜமென்றால் வரைபடத்தில் முழுசாக நின்றவற்றுக்கு ஒன்று, தூளானவற்றுக்கு ஒன்று என இரண்டு மேடுகள் தெரிய வேண்டும். மூன்று வருடமாகத் தேடிய மேடுகள் திங்களன்று தெரிந்தன. இயக்குநர் டீ வாங்கித் தந்தார். அது மேடுகளைவிட அபூர்வம்.

புதனன்று பம்ப் மெக்கானிக் அண்ணன் வந்து, "நடுவுல அடுப்ப மாத்தினேனேம்மா, நோட்டுல எழுதி வெச்சேனே, பாக்கலையா?" என்றார். நான் பார்க்கவில்லை. பழைய அடுப்பில் சூடு குறைவு, புதியதில் அதிகம். இரண்டின் அளவுகளையும் ஒன்றாகக் கொட்டியிருக்கிறேன். இரண்டு சூட்டைக் கலந்தால் இரண்டு மேடு வராமல் என்ன செய்யும்? அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு நானே போய்ச் சொன்னேன். குடித்த டீயைத் திருப்பிக் கேட்க முடியாதே என்று மட்டும் இயக்குநர் வருத்தப்பட்டார்.

பிறகு புது அடுப்பின் அளவுகளை மட்டும் தனியே பிரித்துப் போட்டேன். அதிலும் இரண்டு மேடு! குட்டைதான், ஆனால் கலப்படமில்லை. இன்னொரு தடவை அளந்து உறுதிசெய்யப் பத்து நாள் ஆகும். மனசு நிறைந்திருக்கிறது.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். "போனில் பாதி நாள் சிரிப்பு, பாதி நாள் சண்டை. நீ வந்தால் நாம் சேர்ந்திருப்போமா மாட்டோமா, தெளிவாகச் சொல்" என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் ஆய்வுக்கூடத்தில் நாளெல்லாம் நின்று அலுத்துப் பேசிய நாட்களையும் ஓய்வாகப் பேசிய ஞாயிற்றுக்கிழமைகளையும் ஒன்றாகக் கொட்டிப் பார்த்திருக்கிறீர்கள். என் தப்பையே நீங்களும் செய்திருக்கிறீர்கள். ஆனால் பிரித்துப் பார்த்தாலும் இரண்டு மேடு இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். நாம் மூன்றே பேர். நமக்கும் கோடு கிடையாது.

உங்களோடு இருக்க எனக்கு ஆசையாக இருக்கிறது. தெளிவான பதில் என்று என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். இருபதாம் தேதி காலை வண்டியில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு மகளை மட்டும் யாரோடாவது அனுப்பிவிடாதீர்கள். நீங்களும் வாருங்கள்.

என்றும் உங்கள்,
சண்டைக்காரி