அம்மாவின் சாயல்

அன்புத் தங்கச்சிக்கு,

அம்மாவின் மார்புக் கட்டி சுருங்கியிருக்கிறது. மரபணுவில் உள்ள பழுதால் புற்றுநோய்க் கலங்கள் தம்மைச் சரிசெய்யும் ஒரு வழியை இழந்திருக்கின்றன. புது மாத்திரை மற்ற வழியையும் அடைத்துவிடுகிறது. இதை விளக்கியதும் அம்மா, “அப்ப நல்ல பழுதுதான். சின்னவகிட்ட சொன்னியா?” என்றார். உன்னைத்தான் கேட்டார்.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் யாராவது, “சின்னவ ஒங்கள உரிச்சு வச்சிருக்கா” என்றால் அம்மா பூரித்துப்போவார். எனக்கு வயிறு எரியும். மூக்கு, சுருட்டை முடி எல்லாம் உனக்கே.

நம் இரத்தப் பரிசோதனை முடிவும் வந்துவிட்டது. அந்தப் பழுது எனக்கில்லை, உனக்கு இருக்கிறது. முதலில் பொறாமைதான் வந்தது. பிறகுதான் பயந்தேன்.

நோய் வந்துவிட்டதென்று அர்த்தமில்லை. ஆனால் தவறாமல் பரிசோதிக்க வேண்டும். கொழும்பில் லீவு சொல்லிவிட்டு வா. அட்டன் பஸ் நிலையத்தில் நிற்பேன். அம்மாவுக்கு முந்தி நான் உன்னைப் பார்க்க வேண்டும்.

உன் அக்கா