நாயுடன் நடப்பவருக்கு மெல்லிய பூட்ஸ்

அன்புள்ள வெய்க்கோ,

பொறுத்தருள வேண்டும். நேற்றுத் தாங்கள் தர மறுத்த, கம்பளி உள்வைத்த ரப்பர் பூட்ஸை நான் அணிந்து செல்கிறேன். மூஸ் மான் வேட்டைக்காக உறைபனியில் நான்கு மணி நேரம் அசையாமல் நிற்கப்போவது நான். தாங்களோ மானைக் கிளப்ப நாயுடன் நடப்பவர், வியர்க்கும். இலையுதிர்காலத்து மெல்லிய பூட்ஸே தங்களுக்கு உகந்தது.

சென்ற ஆண்டு குளிர் தாளாமல் காலை உதறி மானை விரட்டிவிட்டேன். "ஏம்மா ஹில்க்கா, நீ தாளம் போட்டா மான் நின்னு கேக்குமா?" என்றார் குழுத் தலைவர் ரெய்னோ. முதலில் சிரித்தவர் தாங்கள். இம்முறையும் ஓடவிட்டால் என்னைச் சமையலுக்கு அனுப்பிவிடுவார்கள்.

பட்டாணி சூப் அடுப்பில் உள்ளது.

தங்கள்
ஹில்க்கா

பி.கு.: பூட்ஸ் எனக்குச் சற்றுப் பெரிது. ஆகவே தங்கள் கம்பளிக் காலுறைகள் மூன்று ஜோடியையும் அணிந்துகொண்டேன். மாலையில் யாவற்றையும் சூடாகவே திருப்பித் தருவேன்.