பெரியவர் கேட்டருகே நிற்கிறார்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் பனி. தோட்டம் தெரியவில்லை, கேட் மட்டும் தெரிந்தது. கேட்டருகே பெரியவர் தொப்பியும் கைத்தடியுமாக நின்றுகொண்டிருந்தார். இன்றைக்கும்.

எங்கள் வீட்டுக்காரரின் அண்ணன்தான், ஆனால் இந்த வீட்டில் எல்லோருக்கும் பெரியவர். பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் ஒன்றிரண்டு சொல்லோடு சரி. ஆனாலும் விடிந்ததும் கேட்டுக்கு வந்துவிடுவார். தம்பி டிராக்டர் ஷெட்டிலிருந்து வருவார், இருவரும் சேர்ந்து தோட்டத்துக்குப் போவார்கள். இத்தனை வருடமும் அப்படித்தான். தம்பி ஜனவரி கடைசியில் போய்விட்டார். அண்ணன் இன்னும் நிற்கிறார்.

"வாங்க மாமா, டீ ஆறுது" என்றேன். தலையாட்டினார், வரவில்லை. பனி கரைந்த பிறகுதான் வந்தார்.

நானும் ஜன்னல் வழியாக ஷெட் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை யாரிடம் சொல்வது?

மார்ச் 6, வியாழன்

கனவு. நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். வரிசையில் எங்கள் வீட்டுக்காரர். கையில் ஒரு தக்காளிச் செடி, வேரோடு. குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி தோளில் சாய்த்துப் பிடித்திருக்கிறார்.

"காய்ச்சலா?" என்று கேட்கிறேன்.

"இல்ல. தூக்கம் வரமாட்டேங்குதாம்."

டாக்டர் சீட்டுகூடக் கேட்காமல் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன். வாங்கிக்கொண்டு, பின்னால் நிற்பவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்குகிறார். அது அப்படியே அவர்தான். எங்கே போனாலும் முதலில் பின்னால் நிற்பவருக்கு வழி.

கண் விழித்தபோது அறை முழுக்கத் தக்காளி இலை வாசனை. அவருடைய வேலைச் சட்டையை இன்னும் துவைக்காமல் கொக்கியில் மாட்டி வைத்திருக்கிறேன். அதனால்தான். வேறொன்றுமில்லை.

மார்ச் 11, செவ்வாய்

நாற்றுப்பண்ணைக்காரர் வந்தார். எங்கள் வீட்டுக்காரர் ஜனவரியிலேயே தக்காளி நாற்றுக்குச் சொல்லி வைத்திருந்தாராம். முளைத்து வளர ஆரம்பித்துவிட்டதாம்.

"நான் வேற யாருக்கு வேணா குடுத்துடலாம் அக்கா. ஆனா அண்ணன் சொன்னது. உங்க வாயால வேண்டாம்னு சொல்லிடுங்க, அப்புறம் குடுக்கிறேன்."

கொஞ்ச நாள் பொறுங்கள் என்றேன்.

கிளம்பும்போது தயங்கித் தயங்கி, நிலத்தைக் குத்தகைக்கு விடுவதாக இருந்தால் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். நல்ல மனிதர், தப்பாக ஒன்றும் சொல்லிவிடவில்லை.

எனக்கு நிலத்து வேலை தெரியாது. கல்யாணமான புதிதில் நான் களைக்கொத்தைப் பிடித்த லட்சணத்தைப் பார்த்து, "தாயே, நீ மாத்திரையை எண்ணு, நான் தக்காளியை எண்ணிக்கிறேன்" என்று கும்பிட்டார். அன்றோடு சரி.

மார்ச் 16, ஞாயிறு

மகள் வந்திருந்தாள்.

"அம்மா, நீ என்கூட வந்துடு. இங்க தனியா என்ன பண்ணப்போறே?"

"தனியா எங்கடி? பெரியப்பா இருக்காரே."

"அதைத்தான் சொல்றேன். அவரை நீ ஒண்டியா எப்படிப் பாத்துப்பே? எங்க வீட்டுப் பக்கத்துலயே நல்ல முதியோர் இல்லம் இருக்கு. வாரா வாரம் போய்ப் பாக்கலாம். அப்பா போனதே அவருக்குப் புரியலைம்மா. தினம் வந்து கேட்ல நிக்கிறாரே, அதை என்னால பாக்க முடியலை."

அவள் கல்நெஞ்சுக்காரி இல்லை. பாத்திரம் கழுவும்போது குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைப்பு.

பிறகு அவளாகவே பேசினாள். பரீட்சைக்குப் படிக்கிற காலத்தில் அப்பா பக்கத்து நாற்காலியில் வந்து உட்காருவாராம். பகலெல்லாம் வெயிலில் குனிந்து நிமிர்ந்த உடம்பு, உட்கார்ந்த உடனே மேஜையில் தலை சாய்ந்துவிடும். போய்ப் படுங்கப்பா என்றால், "நீ படிம்மா, நான் சும்மா துணைக்கு" என்பார், கண்ணைத் திறக்காமலே.

"ஹாஸ்டலுக்குப் போனப்ப, அந்தக் குறட்டை இல்லாம எனக்குக் கணக்கே ஓடலைம்மா" என்றாள். சிரிப்பும் அழுகையும் கலந்து என்னவோ ஒரு சத்தம் வந்தது இருவருக்கும்.

மார்ச் 17, திங்கள்

பனி இல்லை. பெரியவர் நின்றார்.

மார்ச் 22, சனி

லாரி வந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து எங்கள் வீட்டுக்காரருக்குச் சிநேகிதம். ஓட்டுவது லாரி, அதுவே பெயராகவும் ஆகிவிட்டது. யாரும் கூப்பிடாமலே வந்து டிராக்டரை இயக்கிப் பார்த்தார், பம்புக்கு எண்ணெய் போட்டார்.

"வண்டியைச் சும்மா போட்டு வச்சா கோச்சுக்கும் தங்கச்சி."

அவருக்கு விபத்தாகி இரண்டு காலும் கட்டுப் போட்டுக் கிடந்த வருடம் அறுவடை உச்சத்தில் இருந்தது. எங்கள் வீட்டுக்காரர் காலையில் பறித்துவிட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போவார். பாதிப் பழம் செடியிலேயே வெடித்துப்போயிற்று. நான் கேட்டதற்கு, "பழம் அடுத்த வருஷமும் பழுக்கும். அவனுக்கு இப்பதானே கால் ஒடைஞ்சிருக்கு" என்றார்.

"வந்தப்பல்லாம் எனக்கு முகம் வழிச்சு விடுவான்" என்றார் லாரி. "சோப்பைப் போட்டுக் கத்தியை எடுத்தான்னா எனக்கு உசுரே போயிடும். கழுத்துல ரெண்டு இடத்துல கீறிட்டான். நர்ஸம்மா வந்து, 'இவரு உங்க அண்ணனா'ன்னாங்க. இல்லம்மா, தக்காளி வெட்டுற ஆளுன்னேன்."

சிரித்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று நிறுத்திவிட்டு, எண்ணெய்த் துணியால் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். சந்தையில் கூடையை இறக்கும்போது இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது தாங்கிப் பிடித்தவர் லாரிதான். அதைப் பற்றி அவரும் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை.

மார்ச் 29, சனி

பெரியவரைக் கூட்டிக்கொண்டு மகள் சொன்ன இல்லத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். சுத்தமான இடம். பெரிய ஜன்னல்கள், முகம் கோணாத பணியாளர்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

பெரியவர் கட்டில் பக்கமே போகவில்லை. நல்ல கையால் சுவரைத் தடவிக்கொண்டே போனார். கொத்தனாராக இருந்தவர், நாங்கள் இருக்கிற வீடும் அவர் எழுப்பியதுதான். மூலைக்குப் போய் நின்று, ரொம்ப நேரம் பார்த்து, "கோணல்" என்றார். எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, இல்லத்து மேலாளர் அம்மாவுக்கும்தான்.

மே மாதத்திலிருந்து இடம் இருக்கிறதாம். சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

பஸ்ஸில் திரும்பும்போது பெரியவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். வெளியே வயல்கள் வயல்களாகப் பின்னால் போய்க்கொண்டே இருந்தன. எல்லா வயலிலும் யாரோ ஒருவர் குனிந்து நிற்கிற மாதிரியே இருந்தது. பக்கத்தில் போனால் மரக்கட்டை, அல்லது புதர்.

சரி என்று சொன்னது நான்தானா?

ஏப்ரல் 3, வியாழன்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

நேற்று நாற்றுப்பண்ணைக்காரர் போன் செய்தார். "அக்கா, நாத்து தண்டு நீண்டுக்கிட்டே போகுது. இனிமே வச்சிருக்க முடியாது. நாளைக்கு ஒரு முடிவு சொல்லிடுங்க." வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன். அதற்கு முன்னால் பெரியவரிடம் விஷயத்தை உடைத்துச் சொல்லிவிடுவது நியாயம் என்று பட்டது. யாருமே அவரிடம் நேராகச் சொன்னதில்லையே. அடக்கத்தன்றுகூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, கூட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் புரியவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

காலையில் கேட்டுக்குப் போனேன். மறுபடி பனி, தரையோடு தரையாக.

"மாமா, கேளுங்க. உங்க தம்பி இனிமே வரமாட்டாரு. அன்னைக்குச் சந்தைக்குப் போனாருல்ல, அங்கேயே—"

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"தம்பி... செத்துட்டான்." ஒவ்வொரு சொல்லையும் கல் தூக்குவது போலத் தூக்கி வைத்தார். "தெரியும்."

"அப்புறம் யாருக்காக இங்க வந்து நிக்கிறீங்க?"

கைத்தடியைத் தூக்கி என்னைக் காட்டினார்.

"நீ." மூச்சு வாங்கிக்கொண்டு, "வா" என்றார்.

வீட்டுச் செருப்போடு போனேன். அவர் வேகத்துக்கு நடப்பது என்றால் நடக்கிறோமா நிற்கிறோமா என்றே தெரியாது. புல் நுனியில் தண்ணீர், அது சொட்டி விழுந்த பிறகுதான் அடுத்த அடி. அண்ணனோடு நடந்தால்தான் நிம்மதியாக யோசிக்க முடிகிறது என்று எங்கள் வீட்டுக்காரர் அடிக்கடி சொல்லுவார். ஏதோ சாக்கு என்று நினைத்திருந்தேன். வாய்க்கால் வந்தது. குறுக்கே இரண்டு பலகை போட்ட பாலம், கைப்பிடி கிடையாது. பெரியவர் நின்று நல்ல கையை என் பக்கம் நீட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் பாலத்தை அவரால் தனியாகத் தாண்ட முடியாது.

தாண்டினோம். தோட்டம் களை மண்டிக் கிடந்தது. பம்பு ஷெட் நிழலில் இரண்டு பெட்டிகள் கவிழ்த்துப் போட்டிருந்தன, உட்காருவதற்கு. ஒன்றில் பெரியவர் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மற்ற பெட்டியின் மேல் வைத்தார். பிறகு அழ ஆரம்பித்தார்.

வாய்விட்டு அழுதார். முகத்தை மூடக்கூட இல்லை. அய்யோ, இந்த மனுஷன் அழுறதுக்கு ஒரு இடம் வேணும்னுதானே இத்தனை நாளா வாசல்ல நின்னாரு. நான் டீ ஆறுது, டீ ஆறுதுன்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்தேனே.

நான் ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். பனி கலைந்து, வரப்பு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. இருவரும் அழுது முடித்தபோது நல்ல வெயில்.

ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகப் போனேன். போகும் வழியில் நாற்றுப்பண்ணைக்குப் போன் செய்தேன்.

"கொண்டு வந்துடுங்க."

"என்னக்கா?"

"நாத்துதான். கொண்டு வந்துடுங்க."

ஏப்ரல் 6, ஞாயிறு

நட்டோம். லாரி உழுது கொடுத்தார். நாற்றுப்பண்ணைக்காரர் தன் ஆட்களையும் கூட்டி வந்தார், குத்தகைப் பேச்சை எடுக்கவே இல்லை. சந்தையில் மூட்டை தூக்குகிறவர்கள் நான்கு பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவரின் மகள் கல்யாணத்துக்கு எங்கள் வீட்டுக்காரர் இரண்டு நாள் பந்தி பரிமாறினாராம். எனக்கே தெரியாது.

மகள் சண்டை போடத்தான் வந்தாள். "உனக்குப் பைத்தியமாம்மா?" என்று வரப்பில் நின்று கத்தினாள். பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் செருப்பைக் கழற்றிவிட்டு நட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் நட்ட வரிசை பாம்பு போலப் போயிற்று. பெரியவர் கைத்தடியால் காட்டிச் சொன்னார்: "கோணல்."

"பிடுங்கவா பெரியப்பா?"

"இருக்கட்டும்."

ஏப்ரல் 8, செவ்வாய்

இல்லத்துக்குப் போன் செய்து, இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னேன். இடுப்பு விட்டுப்போகிறது.

மே 12, திங்கள்

ஆஸ்பத்திரியில் மதிய வேலையாக மாற்றிக்கொண்டாயிற்று. காலையில் பக்கக் கிளை கிள்ளுகிறேன். பெரியவர் இடது கையால் கிள்ளுகிறார், என்னைவிட வேகம்.

இன்று கவுண்டரில் ஒரு பாட்டியம்மாவுக்கு மாத்திரை கொடுத்தேன். என் விரல்களைப் பார்த்துவிட்டு, "கையில என்னம்மா காயம்? கறுத்துக் கெடக்கு" என்றார். தக்காளி இலைச் சாறு ஏறிய கறை. போய்க் கழுவினால் சோப்பு நுரை பச்சையாக ஓடுகிறது. எங்கள் வீட்டுக்காரர் கை கழுவினால் வாஷ்பேசின் இப்படித்தான் ஆகும், பல முறை முணுமுணுத்திருக்கிறேன்.

குழாயை மூட மனசில்லாமல் அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வரிசையில் யாரோ இருமிக் கூப்பிட்டார்கள்.

ஜூலை 3, வியாழன்

முதல் பறிப்பு. பழம் அவர் விளைவித்ததை விடச் சின்னது. இரண்டு வரிசையில் நோய் விழுந்துவிட்டது, தண்ணீர் அதிகமாக விட்டேன் போலிருக்கிறது.

லாரியோடு சந்தைக்குப் போனேன், முதல் தடவையாக. இறக்கும் இடத்துக்கு வந்ததும் லாரி வண்டியை நிறுத்தினார். நான் கேட்காமலே ஒரு தூணைப் பார்த்தார். அங்கேதான் என்று தெரிந்துவிட்டது.

வெறும் சிமெண்டுத் தரை. ஒருவர் வெள்ளரிக்காயை அங்கே குவித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து, "தள்ளணுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம்பா, இருக்கட்டும்" என்றேன். நிஜமாகவே அப்படித்தான் தோன்றியது.

செப்டம்பர் 10, புதன்

தக்காளி முடிந்தது. செடிகளைப் பிடுங்கியாயிற்று.

இன்று மழை. பம்பு ஷெட்டில் மூன்று பேரும் ஒதுங்கி நின்றோம், நான், பெரியவர், லாரி. தகரத்தின் மேல் ஒரே இரைச்சல். தோட்டம் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கிற ஊர் மாதிரி ஆடியது. லாரி கேட்டார்:

"அடுத்து என்ன போடப்போறே தங்கச்சி?"

நான் முன்பே யோசித்து வைத்திருந்தேன். பந்தல் வேலை பிடிக்காது என்பதால் எங்கள் வீட்டுக்காரர் ஒரு வருடம்கூடப் போடாத பயிர். எனக்கு ஆசை.

"அவரை" என்றேன்.

"அவரையா?" லாரி மழையைப் பார்த்தபடியே, பழக்க தோஷத்தில் சட்டென்று சொல்லிவிட்டார்: "அவரைத்தான் ஏற்கனவே மண்ணுல—"

நாக்கைக் கடித்துக்கொண்டார். "அய்யோ தங்கச்சி, நான் என்னமோ..."

ஒரு சத்தம் கேட்டது. பெரியவர். தோள் குலுங்குகிறது. அழுகிறார் என்று பதறிப்போய்த் திரும்பினால், சிரிக்கிறார்! ஒரு பக்கத்து வாய்தான் சிரிக்க முடியும் அவருக்கு, அதை வைத்துக்கொண்டு முழுச் சிரிப்பு. "அவரை... அவரை..." என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிறகு எனக்கும் தாங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, எங்கள் வீட்டுக்காரர் உட்காருகிற பெட்டியிலேயே உட்கார்ந்துவிட்டேன். லாரி பாவம், சிரிக்கலாமா கூடாதா என்று எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவருக்குக் கேட்டிருந்தால் எங்கள் மூன்று பேரையும் விட அதிகமாகச் சிரித்திருப்பார்.

நாளைக்குப் பந்தலுக்குக் கழி வெட்ட வேண்டும். மழை விட்டால்.